காப்புக் கட்டிய பிள்ளைகள்

தலத்தெருவைத் தாண்டி வயலுக்கு இறங்கும் இடத்தில் இருக்கிறது எங்கள் குடியிருப்பு. நான் மின்துறையில் வயர்மேன். பல வருஷங்களுக்கு முன் எங்கள் மாரியம்மன் கோயிலில் சாமி தூக்க ஆள் கிடைக்காமல் ஆனபோதுதான் இந்த ஞாயிறு கூட்டம் தொடங்கியது. தோள் கொடுத்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் வளைகுடாவுக்கும் திருப்பூருக்கும் போய்விட்டார்கள். அம்மனை டிராக்டரில் ஏற்றி வீதி சுற்றிக் கொண்டுவரலாம் என்று பேச்சு வந்தது.

அந்தச் சமயத்தில் எங்கள் தெருப் பையன்கள் பள்ளிக்கூடம் விட்டதும் மெயின் ரோட்டு மதுக்கடைப் பக்கம் போய் நின்றுவிடுவார்கள். இங்கே விலை குறைவென்று வெளியூரிலிருந்து குடிக்க வருகிறவர்களுக்குத் தண்ணீர் பாக்கெட்டும் பிளாஸ்டிக் டம்ளரும் விற்பார்கள். குடித்துவிட்டுப் போகிறவர்கள் மிச்சம் வைத்ததைச் சிலர் குடிக்கவும் பழகியிருந்தார்கள். ஆட்டோ ஓட்டும் என் சிநேகிதன்தான் ஒருநாள் கேட்டான்.

"டிராக்டர் எதுக்கு? இவனுங்க தோள்ல ஏத்துவோம். காப்பு கட்டிட்டா கடைப் பக்கம் போவ மாட்டானுங்கல்ல?"

"காப்ப அவுத்தப்பறம்?"

"அதுக்கப்பறம் நாம எதுக்கு இருக்கோம்?"

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் பையன்களைச் சமுதாயக்கூடத்து வாசலுக்கு வரச் சொன்னோம். தோளில் தாங்க வாரையாக இரண்டு நீள மூங்கில், குறுக்கே மணல் மூட்டைகள், பழகுவதற்கு அதுதான் பல்லக்கு. உயரமானவனும் குட்டையானவனும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் பாரம் முழுக்க உயரமானவன் தோளில் இறங்கிவிடும். ஒருவன் வேகமாக நடந்தால் மூட்டை சரியும். முதல் வாரம் சண்டையிலேயே போனது. மூட்டையைக் கீழே போட்டுவிட்டுச் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு அவர்களாகவே ஆளை மாற்றி நிறுத்திப் பார்த்து, யாருக்குப் பக்கத்தில் யார் என்று கண்டுபிடித்தார்கள். தூக்கி முடித்ததும் சுண்டலும் டீயும். டீ குடிக்கும்போதுதான் பேச்சு வரும். வீட்டில் நடந்தது, வகுப்பில் வாத்தியார் வெளியே நிறுத்தியது, கடையில் ஒருவன் கன்னத்தில் அறைந்தது. நாங்கள் இருவரும் கேட்டுக்கொண்டிருப்போம். எனக்குப் பிள்ளை கிடையாது. அந்த மாலை நேரங்கள் இல்லாத கிழமைகள் எனக்கு நீளமாக இருந்தன.

அவர்களில் ஒருவன் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தான். நெடுநெடுவென்று வளர்ந்தவன். அவன் அம்மாவுக்குத் திருநள்ளாற்றில் ஒரு லாட்ஜில் அறை கூட்டிப் பெருக்கும் வேலை. சனிக்கிழமை கூட்டம் என்றால் வீடு திரும்ப நேரமாகிவிடும். அப்பா ஒரு காலத்தில் எங்கள் தெருவிலேயே பேர் சொல்லும் தோள். அவர் முன் வாரை பிடித்தால் அம்மன் தலையில் வைத்த பூ அசையாது என்பார்கள். குடி அதிகமானதும் கோயில்காரர்கள் அவரை ஒதுங்கச் சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து திருவிழா என்றாலே அவர் வீட்டைவிட்டு எங்காவது போய்விடுவார்.

முதல் வருஷம் பையன்கள் சாமியை ஒழுங்காகக் கொண்டுவந்து சேர்த்தார்கள். இரண்டாவது வருஷம் திருவிழாவுக்கு முன்னால் அந்தப் பையன் என் வீட்டுக்கு வந்தான்.

"அண்ணே, எங்கப்பாவும் காப்பு கட்டலாமா?"

"அவரு கட்டுறேன்னாரா?"

"கட்டுறேன்னு சொல்லிட்டாருண்ணே. நாலு நாளா கடைக்கே போவல."

பூசாரியிடம் போய்ப் பேசினேன். அவர் யோசித்துவிட்டு, "வந்தா கட்டுறேன்" என்றார்.

காப்புக் கட்டும் அன்று பையன்கள் எல்லாரும் குளித்து மஞ்சள் வேட்டியில் வரிசையாக நின்றார்கள். இவன் கையில் இன்னொரு மஞ்சள் வேட்டியும் இருந்தது. அவன் அம்மா வாங்கிக் கொடுத்தது, மடிப்புக் கலையாதது. ஒவ்வொரு கையாகக் கட்டிக்கொண்டு வந்த பூசாரி இவனிடம் நின்றார்.

"நேரமாவுதுப்பா."

"இன்னும் செத்த நேரம் பாப்போம் சாமி. குளிச்சிட்டிருந்தாரு."

காத்திருந்தோம். என் சிநேகிதன் ஆட்டோவில் வீடுவரை போய்ப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் இல்லையென்று தலையை மட்டும் அசைத்தான். பையன் அதைப் பார்த்துவிட்டான். வேட்டியை என் கையில் கொடுத்துவிட்டு மணிக்கட்டை நீட்டினான். அழவில்லை.

வீதியுலா அன்று மதியத்துக்கு முன் சாமி புறப்பட்டது. அவன் முன் வாரையில், அப்பா நின்ற அதே பக்கம். டீக்கடை முனை வந்தபோது அங்கே அவர் நின்றுகொண்டிருந்தார். முகச்சவரம் செய்து தலை வாரியிருந்தார். எத்தனை நேரமாக நின்றாரோ.

"அண்ணே, ஒரு நிமிசம் நிக்கலாமா?" என்றான் பையன், திரும்பாமல்.

மேளக்காரரைக் கை காட்டி நிறுத்தினேன். அவர் மெதுவாக வந்தார். வாரையைத் தொடவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து நாலாக மடித்து, மகனுடைய தோளுக்கும் வாரைக்கும் நடுவில் செருகினார். சிவந்திருந்த இடத்தில் சரியாகப் படும்படி ஒருதரம் இழுத்து விட்டார்.

"வலிக்குதாடா?"

"இல்லப்பா. கூட வாங்க."

அவர் பல்லக்குக்குப் பின்னால், பெண்களோடு பெண்களாகக் கோயில்வரை நடந்து வந்தார்.

அதோடு அவர் குடியை விட்டுவிட்டார் என்று எழுத ஆசைதான். விடவில்லை. விடுவார், பிறகு பிடித்துக்கொள்வார். ஆனால் திருவிழாவுக்கு வெளியூர் போவதை நிறுத்திவிட்டார். செருப்பில்லாமல் வரும் பிள்ளைகளுக்குச் சுடாமல் இருக்க, பல்லக்குக்கு முன்னால் ரோட்டில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போவார். குடமும் கையுமாக அவரைப் பார்க்கும்போது மகன் முகத்தில் வரும் வெளிச்சத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

அவன் பாலிடெக்னிக் முடித்தான். இப்போது மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். ஞாயிறு கூட்டம் நடக்கிறது, புதுப் பையன்கள் வருகிறார்கள், சத்தத்துக்குக் குறைவில்லை. இருந்தாலும் டீயை ஊற்றும்போது ஒரு டம்ளர் கூடுதலாக எடுத்துவிடுகிறேன். சிநேகிதன் கவனிப்பான், கேட்க மாட்டான்.

இந்த வருஷம் சாமி வீதியில் வந்துகொண்டிருக்கும்போது மஸ்கட்டிலிருந்து அவன் போன் பண்ணினான்.

"யாருண்ணே இப்ப முன்னாடி?"

"பூசாரி பேரன்."

"உசரம் சரியா இருக்கானா?"

"கொஞ்சம் குட்டைதான். ஒரு பக்கம் சாயுது."

சிரித்தான். பின்னால் ஏதோ மெஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"அடுத்த வருசம் லீவு கேட்டுப் பாக்குறேண்ணே."

போன வருஷமும் இதைத்தான் சொன்னான். கிளம்பி வந்துவிடேன் என்று வாய்வரை வந்தது. அவன் அனுப்புவதில்தான் அந்த வீடு நடக்கிறது. "வா தம்பி, பாப்போம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, மேளம் கேட்கட்டும் என்று போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டே நடந்தேன். கொஞ்ச தூரம் போய்க் காதில் வைத்தபோது லைன் அறுந்திருந்தது. எதுவரை கேட்டான் என்று தெரியவில்லை.