சட்டைக்கு எடுத்த அளவு

சார் என் நெஞ்சை அளந்த அன்று எங்கள் வீட்டில் உலை வைக்கவில்லை.

அளந்தது தையல்காரர் கழுத்தில் தொங்குமே, அந்தச் சாதாரண நாடாவால்தான். ஐந்தாம் வகுப்புப் பையன்களை வரிசையாக நிற்கவைத்து, ஒவ்வொருவனாகக் கூப்பிட்டு, கையைத் தூக்கச் சொல்லி, "மூச்ச நல்லா இழுத்து நில்லு" என்றார். பள்ளிக்கூடத்தில் இருந்த காற்றையெல்லாம் இழுத்துக்கொண்டு நான் நின்றேன். வகுப்பிலேயே எனக்குத்தான் அகலம் என்று சொல்லி முதுகில் தட்டினார். அந்தப் பெருமையைத் தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை தண்ணீருக்குள் அப்படியே நின்றது.

"இன்னாத்த அளந்தாங்க?"

"நெஞ்ச."

"வரிசையா நிக்க வச்சா?"

"ஆமா."

"பல்லப் பாத்தாங்களா?"

பல்லைப் பார்க்கவில்லை என்றேன். அம்மாவுக்கு அது ஆறுதலாக இல்லை. "பாப்பாங்க. இன்னிக்கி நெஞ்சு, நாளைக்கிப் பல்லு" என்று சொல்லிக் களைந்த அரிசியை அப்படியே மூடிவைத்துவிட்டுத் தன் தம்பியைக் கூப்பிட ஓடினாள்.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போய் இரண்டு மழைக்காலம் கடந்திருந்தது, அவ்வளவுதான். அவர்கள் காலத்தில் எங்கள் ஒதியம்பட்டுப் பக்கம் ஒருவன் நெஞ்சை நாடா வைத்து அளந்தால் அவனைச் சொல்தாவுக்கு எடுக்கிறார்கள் என்று அர்த்தம். சொல்தா என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய். அளப்பார்கள், நிறுப்பார்கள், பல்லைப் பார்ப்பார்கள், லாரியில் ஏற்றுவார்கள். லாரி கப்பலுக்குப் போகும். கப்பல் சைகோனுக்குப் போகும். பிறகு மாசாமாசம் பணம் வரும், அல்லது வராது.

அப்படிப் போனவர்தான் என் சித்தப்பா. அப்போது நான் தூளியில் கிடந்தேனாம். சித்தப்பாவும் என் மாமாவும், அதாவது அம்மாவின் தம்பியும், ஒரே வயது. அம்மா கல்யாணப் பந்தியில் ஒரே இலைக்குச் சண்டை போட்டுச் சிநேகிதமானவர்கள். ஊர் சுற்றியது சேர்ந்து. பீடி பழகியது சேர்ந்து. வில்லியனூரில் மேரி என்று சொல்லப்பட்ட ஊர் அலுவலகத்து முற்றத்தில் போய் வரிசையில் நின்றதும் சேர்ந்துதான். சித்தப்பாவை எடுத்துக்கொண்டார்கள். மாமாவுக்கு நெஞ்சளவு பத்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சித்தப்பாவின் தகரப் பெட்டியை லாரியில் தூக்கி வைத்ததே மாமாதான்.

சைகோனிலிருந்து தொப்பி போட்ட ஒரு போட்டோ வந்தது. அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் அப்பா எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விடுவார். மாமாவின் நெஞ்சு மட்டும் எங்கள் வீட்டில் சிரிப்பாகத் தங்கிவிட்டது. இன்னொரு கரண்டி சோறு கேட்டால், "நெஞ்சு பத்தாதவனுக்கு வயிறு மட்டும் எப்படிடா பத்துது?" என்பாள் அம்மா. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பது மாமாதான்.

சார் எங்கள் பள்ளிக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 'அந்தப் பக்கத்து' ஆள். எல்லைதான் போய்விட்டதே என்றால் ஊர் கேட்குமா? கடலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர் எவரும் எங்களுக்கு அந்தப் பக்கம்தான். போதாததற்கு அவர் பீடி குடிக்கமாட்டார், யார் வீட்டிலும் கடன் சொல்லமாட்டார். "கெட்ட பழக்கம் ஒண்ணுகூட வெளியத் தெரியலன்னா, உள்ள இன்னா வச்சிகினு இருக்கானோ" என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அப்பேர்ப்பட்டவர்தான் ஊசுட்டேரிக்கரையில் ஒரு ராத்திரி முகாம், கூடாரம் போட்டுத் தங்கல், ஏரியைச் சுற்றி நடை, பறவை பார்த்தல் என்று அறிவித்திருந்தார். அதற்குத்தான் காக்கிச் சட்டை. சட்டைக்குத்தான் அளவு. நான் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

"காக்கியா?" என்றார் அப்பா. அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு நான் சொன்னது எதுவும் ஏறவில்லை. "நடக்கறதுக்கு ஒருத்தன் இட்டுகினு போவணுமா? நம்ம கொல்லையில நடந்தா ஆவாதா? காக்கா குருவி பாக்கக் கூடாரமா? தெனம் அது நம்ம தலைமேலயே எச்சம் போட்டுட்டுப் போவுது."

மறுநாள் மாமா பள்ளிக்கூடத்துக்கே போய் சாரை விசாரித்தார். வேலியோரம் நின்று நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"பசங்கள எங்க சார் இட்டுகினு போறீங்க?"

"ஏரிக்குங்க."

"ஏரிக்குப் போயி?"

"கரையோரமா நடப்போம். பறவைங்களைப் பார்ப்போம்."

"பாத்துட்டு?"

"பார்த்துட்டுத் தூங்குவோம்."

"தூங்கி எழுந்து?"

"மறுபடி பார்ப்போம். பிறகு வந்துடுவோம்."

மாமா ஒரு எட்டுக் கிட்டே போனார். "புடிக்கமாட்டீங்க? சுடமாட்டீங்க?"

"ஐயோ, தொடக்கூட மாட்டோம்."

வீட்டுக்கு வந்ததும் மாமா அம்மாவிடம் சொன்னார்: "யக்கா, ஆளு எதையோ மறைக்கிறான். ஏரி வரைக்கும் போயி ஒரு நாமக்கோழியக்கூடப் புடிக்காம வருவானாம். கேக்கறவன் கேணையனா?"

நான் சோறு தண்ணீர் இல்லாமல் கவிழ்ந்து படுத்தேன். எல்லாப் பையன்களும் போகிறார்கள். பூநாரை வந்திருக்கிறது, ரோசாப்பூ நிறத்தில் இருக்கும் என்று சார் சொல்லியிருந்தார். ஒவ்வொருவனுக்கும் தூரக்கண்ணாடியில் ஒரு தடவை பார்க்கத் தருவதாகவும் சொல்லியிருந்தார். இரண்டாம் நாள் சாயங்காலம் அம்மா திடீரென்று இறங்கிவந்தாள். "போயிட்டு வா" என்றாள். அதில் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் இருந்த அந்தச் சாமான் எனக்கு மட்டும் அப்போது இல்லை.

தைத்த சட்டைகள் இன்னும் வந்துசேரவில்லை. இருக்கிற சட்டையோடே கிளம்பினோம். வில்லியனூர் தாண்டி ஏரிக்கரை ஏறியபோது வெயில் சாய்ந்திருந்தது. தை மாசம், தளும்பத் தளும்பத் தண்ணீர். சார் எங்களை ஒற்றை வரிசையாக நடத்திக்கொண்டு போனார். பேசக்கூடாது, ஓடக்கூடாது, கையை வீசக்கூடாது. எங்களூர்ப் பையன்களுக்கு இது பெரிய தண்டனை. ஆனால் கொஞ்ச நேரத்தில் என்னவோ ஆனது. பாம்புபோலக் கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்தும் ஒரு பறவையை சார் விரலால் காட்டினார். கூழைக்கடா ஒன்று தாடைப் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு, சாப்பிட்டு முடித்த கிழவர்போல உட்கார்ந்திருந்தது. தினம் பார்க்கிற கொக்குகூட அன்றைக்கு வேறு ஊர்க் கொக்கு மாதிரி தெரிந்தது.

எங்கள் வரிசையில் கோதண்டம்தான் முதலில் பார்த்தான். கரைக்குக் கீழே சம்புப் புதர் ஆடியது. காற்று இல்லை. அந்த ஓர் இடம் மட்டும் ஆடியது.

"சார், அங்க ஏதோ கீது" என்று கிசுகிசுத்தான்.

சார் கையைத் தூக்கி எங்களை உட்காரவைத்தார். "அசையாதீங்க. நரியா இருக்கலாம்." அவர் குரலில் அத்தனை சந்தோஷம்.

நாங்கள் மூச்சுவிடாமல் காத்திருந்தோம். புதருக்கு மேலே மெல்லிசாக ஒரு புகை கிளம்பியது. பிறகு நரி இருமியது.

அந்த இருமல் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் தினம் விடியற்காலை கேட்கிற இருமல். தூரக்கண்ணாடி அப்போது என் கைக்கு வந்திருந்தது, என் முறை. புதரைப் பார்த்துத் திருப்பினேன். சம்புத் தட்டைகளுக்கு நடுவில் மாமாவின் முகம், கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல. கண்ணை இடுக்கிக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் பறவை பார்க்க வந்திருந்தோம். மாமா எங்களைப் பார்க்க வந்திருந்தார். சார் பொறுமையாகக் கேட்டார்: "என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியல சார்" என்றேன். என் முறை அதோடு போயிற்று.

"காலையில பூநாரை கிட்ட வரும். உனக்கு இன்னொரு தடவை தர்றேன்" என்றார் சார். அந்த மனிதர் அப்படித்தான். கூடாரத்துக்குள் தார்ப்பாய் வாசனையில் நான் நன்றாகத் தூங்கினேன். மாமா தூங்கியிருக்க மாட்டார்.

விடிந்ததும் பூநாரைகள் வந்திருந்தன. ஏரியின் அந்தக் கோடியில், விடியலின் ஒரு துண்டு கழன்று தண்ணீரில் விழுந்ததுபோல. நாங்கள் வரிசையாக நின்றோம். எனக்கு முன்னால் இரண்டே பேர். அடுத்தவன், அதற்கடுத்தவன், பிறகு நான்.

அப்போதுதான் கரையடியில் லாரி வந்து நின்றது. வில்லியனூருக்குக் காலியாகத் திரும்பும் செங்கல் லாரி. எங்களை வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு போக சார் கெஞ்சிக் கேட்டு ஏற்பாடு செய்திருந்தார். லாரி ஏறப்போகிறோம் என்பது கடைசியில் சொல்லி எங்களைத் துள்ளவைக்க அவர் வைத்திருந்த ரகசியம். சார் மெதுவாக விசில் ஊதினார். இரண்டு பையன்கள் சுருட்டிய கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு லாரியில் ஏறினார்கள்.

வரிசை. விசில். லாரி. ஏறுகிற பையன்கள்.

சம்புப் புதர் பிளந்தது. இடுப்பு வரை சேற்றோடு மாமா கரையேறி ஓடிவந்தார். "டேய், ஏறாதடா! ஏறாத! இந்த வாட்டி உடமாட்டேன்டா!"

ஏரி முழுவதும் எழுந்தது. நாரை, வாத்து, கூழைக்கடா, பூநாரை எல்லாம் ஒரே வீச்சில் கிளம்பின. சிறகுச் சத்தத்தில் லாரிக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். ரோசா நிறம் என்று சார் சொன்னது உட்கார்ந்திருக்கும்போதுதான். பறக்கும்போது இறக்கைக்குள் நெருப்பு. அதைப் பார்த்தபடியே நான் தலைகீழாகத் தொங்கினேன். மாமா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு கரைமேல் ஓடிக்கொண்டிருந்தார். தூரத்தில் சார் விசிலை வாயிலிருந்து எடுக்க மறந்து நின்றார்.

அன்று லாரியில் வந்த பையன்கள் எங்கள் தெருமுனையில் பாட்டுப் பாடிக்கொண்டு இறங்கினார்கள். வீட்டுக்குள்ளிருந்து அதைக் கேட்டேன். மாமாவுக்கு 'ஊசுட்டேரி நரி' என்று பெயர் வந்தது. கடைசிவரை அது போகவில்லை. அடுத்த வாரம் சார் தைத்த சட்டையை எடுத்துக்கொண்டு தானே வீட்டுக்கு வந்தார். அம்மா மோர் கொடுத்தாள். அப்பா மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். அந்தச் சட்டை தீபாவளி வரை பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. மாமாவோடு நான் அந்த வருஷ அறுவடை முடியும்வரை பேசவில்லை. எல்லோர் முன்னாலும் என்னை மூட்டைபோலத் தூக்கிக்கொண்டு ஓடியவரிடம் என்ன பேச்சு?

நடுவில் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

கரை முடிந்து வாய்க்கால் பாலத்துக்கு வந்ததும் மாமா என்னை இறக்கிவிட்டார். பத்து வயதுப் பையனை அவ்வளவு தூரம் தூக்கி ஓடிவந்தவருக்குப் பெரிதாக இளைப்பு இல்லை. குந்தி உட்கார்ந்து என் நெஞ்சில் கையை வைத்தார். சேறு ஒட்டியது. நான் அழுகையும் ஆத்திரமுமாகக் கையைத் தட்டிவிட்டேன். அவர் மறுபடி வைத்தார்.

"அளக்கறப்போ மூச்ச இழுத்து நின்னியா, வெளிய உட்டு நின்னியா?"

"இழுத்துதான். எனக்குத்தான் எல்லாரையும் உட அகலம்."

மாமா முகம் எப்படியோ ஆயிற்று. சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"அவனும் அப்படித்தாண்டா இழுத்துகினு நின்னான்" என்றார். "பக்கத்துல நான் நிக்கறேன். என் முறை வந்துச்சு. திடீர்னு பயம். இருந்த மூச்செல்லாம் வெளிய உட்டுட்டேன். எனக்குப் பின்னால அவன். திரும்பி ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம், டேய் உட்டுடுடான்னு." வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினார். "எவன் வந்து அளந்தாலும் நீ வெளிய உட்டுடு. இன்னா? வெளிய உட்டுடு."

அவர் எதைப் பற்றிச் சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. எனக்குப் பூநாரை போய்விட்டது, லாரி போய்விட்டது, மிச்சம் இருந்தது வரப்போகிற காக்கிச் சட்டை ஒன்றுதான். அதற்கும் கேடு நினைக்கிறாரே என்றுதான் பட்டது.

"வெளிய உட்டா சட்ட புடிச்சிக்கும் மாமா" என்றேன்.