நிமிர்ந்து நின்ற மூன்று முட்கள்

வண்டியைக் கிளப்புமுன் சித்தி ஆள்காட்டி விரலை மடக்கி, சூடு காட்டும் மீட்டரின் கண்ணாடியில் இரண்டு தரம் தட்டுவாள். தூங்குகிறவரை எழுப்ப மனமில்லாமல் எழுப்புகிற தட்டல். முள் அசையாது. “சரி, தூங்கு” என்று சாவியைத் திருப்புவாள்.

அந்தப் பிக்கப்புக்கு என்னைவிட இரண்டு வயது அதிகம். தண்ணீர் கேன்களைச் சுமந்துகொண்டு தினமும் மேட்டுத் தெரு ஏறும். போன மாதம் பாதி ஏற்றத்தில் எஞ்சின் கொதித்து நின்றுவிட்டது. மீட்டரோ அப்போதும் குளிர்ச்சி என்றே சாதித்தது. சித்தப்பா வண்டியைப் போட்டுவிடப் பழைய இரும்புக்கடையில் பேசி முடித்துவிட்டார். சனிக்கிழமை மதியம் வந்து எடுத்துப்போவார்கள். அதற்குள் முழுச் சுமையோடு நிற்காமல் ஏறிக் காட்டினால் வண்டி வீட்டோடு இருக்கும். சித்தி மல்லுக்கட்டி வாங்கிய கெடு அது.

சூடு, ஆயில் அழுத்தம், பேட்டரி மூன்றுக்கும் புது மீட்டர் வாங்கப் போனோம். கடைக்காரர் நீல வெளிச்சத்தில் எண்கள் மின்னும் டிஜிட்டல் வகையை எடுத்து வைத்து, இப்போது எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள் என்றார். சித்தி அதைக் கையெட்டும் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். முள் வைத்ததுதான் வேண்டுமாம். அட்டைப்பெட்டியில் இருப்பதை என்னைப் படிக்கச் சொன்னாள். “உனக்குத்தான் எந்நேரமும் படிக்கிற வியாதி இருக்கே” என்றாள். ஒரு கடையில் நான் அவ்வளவு நேரம் வாய்திறந்தது அன்றுதான்.

மெக்கானிக் மூன்றையும் பொருத்தி, எஞ்சினைச் சூடாக ஓடவிட்டார். முட்கள் ஆளுக்கொரு திசை பார்த்தன. சித்தி மீட்டர் பலகைக்குப் பின்னால் கைவிட்டு ஒவ்வொரு மீட்டரையும் திருகி, மூன்று முள்ளும் நேராக மேலே பார்க்கும்படி வைத்தாள். எண்களெல்லாம் சரிந்து கிடந்தன.

“அக்கா, கோணலா இருக்கு. பாக்கிறவங்க என் வேலையைத்தான் கேலி பண்ணுவாங்க.”

“ஓட்டப்போறது நான். மூணும் நிமிர்ந்து நின்னா வண்டிக்கு சுகம். ஒண்ணு சாஞ்சா அதுக்கு உடம்பு சரியில்ல. போதாதா?”

சனிக்கிழமை காலை முழுச் சுமையோடு மேட்டுத் தெரு ஏறினோம்; சித்தப்பா ஜன்னலோரம், நான் நடுவில். போன மாதம் நின்ற அதே வளைவில் சூடு காட்டும் முள் வலப்பக்கம் சாயத் தொடங்கியது. சித்தி சாலையிலிருந்து கண்ணை எடுத்த மாதிரியே தெரியவில்லை. கியரைக் குறைத்தாள், மிதியைத் தளர்த்தினாள், ஹீட்டரை முழுக்கத் திறந்தாள். எஞ்சினின் சூடெல்லாம் எங்கள் முகத்தில் வந்து அடித்தது.

“என்னை அவிச்சு எடுக்கவா கூட்டிட்டு வந்த?” என்றார் சித்தப்பா.

“எஞ்சினுக்குப் பதிலா நீங்க கொதிங்க.”

முள் தயங்கியது. பிறகு மெல்ல, கோபம் ஆறியவர்போல, நிமிர்ந்தது. உச்சியில் சித்தி ஹாரனை நீளமாக அழுத்தினாள். நாய்கள்கூட எழுந்து பார்த்தன. மதியம் வந்த இரும்புக்கடைக்காரரிடம் சித்தப்பா கொடுத்தது அந்தப் பழைய மீட்டரை மட்டும்.

இதெல்லாம் நடந்து ஐந்து மாதம் கழித்து, சித்தியைக் கண் பரிசோதனைக்கு நான்தான் கூட்டிப்போனேன். தூரப்பார்வை கழுகுப் பார்வை; கிட்டத்தில் இருக்கும் எழுத்து மட்டும் நான்கு வருடமாகவே தெரியாதாம். அந்த நீல எண்கள் அவளுக்கு வெறும் புகையாகத்தான் தெரிந்திருக்கின்றன.