இரண்டாம் பாதி

மாகறலிலிருந்து பதினாறு வயதில் வந்த வீரம்மாள், உத்திரமேரூர்ப் பக்கத்துக் கன்னியர் மடமொன்றில் இருபது வருடம் சமைத்தாள். அங்கே அயர்லாந்துக்காரியான சிஸ்டர் அட்ராக்டா சாயங்காலங்களில் பிடில் வாசிப்பார். அவருடைய அப்பா கிராமத்துப் பிடில்காரர். வீட்டில் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆட வாசித்தாரென்று அந்த ஊர்ப் பாதிரியார் பிடிலை அடுப்பில் போட்டுவிட, அப்பா மெட்டுகளை வாயாலேயே மகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். கேட்டுக் கேட்டு வீரம்மாளுக்கும் எல்லாம் பாடம். பக்கவாதத்தில் சிஸ்டருக்குக் கை விழுந்து ஞாபகமும் தடுமாறியபோது, பாட்டில் விட்ட இடத்தை அவள்தான் எடுத்துக்கொடுத்தாள்.

1979இல் அயர்லாந்தின் டப்ளினிலிருந்து ஒருவர் பழைய மெட்டுகளைப் பதிவு செய்ய டேப் ரெக்கார்டரோடு வந்தார். அப்பா கட்டிய மெட்டு ஒன்று சிஸ்டரிடம் மட்டுமே மிச்சமிருந்தது. டீ கொண்டுவந்த வீரம்மாள் அதை முணுமுணுக்க, "இவளுக்கும் தெரியுமா?" என்று வந்தவர் இங்கிலீஷில் கேட்டார்.

"கிளிகூடத்தான் பேசுகிறது. அதையும் பதிவு செய்வீர்களா?" என்று சிஸ்டர் சிரித்தார். வீரம்மாளுக்கு இங்கிலீஷ் புரியுமென்று அவர் நினைத்ததே இல்லை.

டேப் ஓடியது. முதல் பாதியைப் பாடிய சிஸ்டர் அதற்குமேல் வராமல் நின்றார். மறுபடி பாடினார், அதே இடத்தில் நின்றது.

"வீரம்மா, அப்புறம் இன்னா?" என்றார் தமிழில்.

மெட்டு முழுசும் அவள் தொண்டையில் இருந்தது.

"அடுப்புல பால் கீது சிஸ்டர், பொங்கிடும்" என்று உள்ளே போய்விட்டாள்.

வந்தவர் பாதி மெட்டோடு பஸ் ஏறினார். சாகிறவரைக்கும், மூன்று மாதம், சிஸ்டர் அவளிடம் கெஞ்சினார். வீரம்மாள் கஞ்சி ஊட்டினாள், வாயைத் துடைத்துவிட்டாள், அதை மட்டும் பாடவில்லை.