கஞ்சி மாப்பிள்ளை கணக்கு வாத்தியார் ஆனார்

தோல் மண்டி அப்துல் கையூம் ராவுத்தர் தம் ஒரே மகள் கமர்ஜஹானை முகமது பாரூக்குக்குக் கட்டிக் கொடுத்ததற்குக் காரணம் ஒன்றுதான்: பாரூக் ரங்கூனில் பிறந்தவன். ரங்கூனிலிருந்து வருகிறவன் வெறுங்கையோடும் வருவான் என்பது ராவுத்தரின் மூளைக்கு எட்டவில்லை. ஐம்பத்திரண்டாம் வருஷம் தேக்குப் பெட்டியோடு பேகம்பூரில் வந்து இறங்கியவனைக் கண்டதுமே, பெட்டிக்குள் மாணிக்கக் கல் இருக்கிறது என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். கேட்டுப் பார்ப்பது மரியாதை இல்லையாம்! நிக்காஹ் முடிந்த மறுநாள் மாமியார் ஜெய்தூன் பீவி பெட்டியைத் திறந்தாள். நாலு கைலி, ஒரு குடை, பாதியில் நின்றுபோன காலேஜ் படிப்பின் கணக்குப் புஸ்தகங்கள். அவ்வளவுதான்.

அன்றைக்கு மாமனார் வாயில் பிறந்த ஏளனம் ஒன்பது வருஷம் ஓயவில்லை. வீட்டோடு மாப்பிள்ளை என்றால் சும்மாவா? "பர்மாத் துரை எந்திரிச்சாச்சா?" என்று காலையில் ஆரம்பிப்பார். கூடத்தில் உட்கார்ந்திருக்கும் வியாபாரிகள் சிரிப்பார்கள். அடுப்படியில் கமர்ஜஹானின் நெஞ்சு வேகும். அவள் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்று. ஓலைக் கூரையானாலும் சரி, அத்தாவின் குரல் எட்டாத ஒரு தனி வீடு. அதற்குப் புருஷன் ஒரு வேலையில் நிலைக்க வேண்டும். பாவம், அந்தப் பாவியிடம் போய் இதைக் கேட்டாளே!

முதலில் மாமனாரின் மண்டியிலேயே சேர்ந்தான். தோல் சந்தையில் விலையை வாயால் சொல்லக் கூடாது. வாங்குகிறவரும் விற்கிறவரும் துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்தே பேசி முடிப்பார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது. நம் மாப்பிள்ளை துண்டுக்குள் கையை விட்டான். விரலைப் பிடித்தான். பிறகு சந்தையே திரும்பிப் பார்க்கும்படி, "மாமா, நியாயமாப் பாத்தா உருப்படிக்கு ஒம்பது ரூவா வரும். நாம ஆறுக்குக் கேக்குறது தப்பு" என்று கணக்கை விளக்க ஆரம்பித்துவிட்டான்.

"ஏலே, துண்டு எதுக்குடா போட்டுருக்கு? ஒன் மூஞ்சியத் தொடைக்கவா?" என்று ராவுத்தர் கத்தினார்.

தரகர் கருப்பணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "ராவுத்தரய்யா, மாப்ளய மைக் செட்டுக்காரன்கிட்ட வேலைக்கு விடுங்க. ஊருக்கே கேக்கும்!"

அடுத்தது, உறவுக்காரர் கிதர் முகம்மதுவின் பிரியாணிக் கடை. ஒரு கல்யாணத்துக்குப் பெரிய தேக்சாப் பாத்திரம் அடுப்பில் ஏறியது. சமையல் மாஸ்டர் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார். ஒரு படி அரிசிக்கு இவ்வளவு தண்ணீர் என்றால் இத்தனை படிக்கு எவ்வளவு என்று பாரூக் மனதுக்குள் பெருக்கி, பிசகாமல் ஊற்றினான். அடுப்புக்குப் பெருக்கல் தெரியுமா? பெரிய பாத்திரத்தில் ஆவி அடங்கிவிடும், தண்ணீரைக் குறைக்க வேண்டும் என்பது எச்சில் இலை எடுப்பவனுக்குக்கூடத் தெரிந்த சங்கதி. மூடியைத் திறந்தபோது கரண்டி நிற்கவில்லை, மிதந்தது. "பிரியாணியா, நோன்புக் கஞ்சியா?" என்று சம்பந்தி வீட்டார் கேட்டார்கள். அன்றிலிருந்து பேகம்பூர் முழுக்க அவனுக்குக் 'கஞ்சி மாப்ள' என்றே பேர்.

பிறகு பழனி பஸ்ஸில் கண்டக்டர். தூரத்துக்கும் கட்டணத்துக்கும் உள்ள உறவை ஒரு பிரயாணிக்கு அவன் விளக்கி முடிப்பதற்குள், ரெட்டியார்சத்திரத்தில் இறங்க வேண்டிய கிழவி ஒட்டன்சத்திரம் போய்ச் சேர்ந்தாள். அவளுடைய மகன்கள் வந்து சட்டையைப் பிடித்தார்கள். அந்த வேலையும் போயிற்று.

கிழிந்த சட்டையோடு வந்தவனைப் பார்த்துக் கமர்ஜஹான் அழவில்லை. அழுது தீர்த்தாயிற்று. அரிவாள்மனையை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தாள்.

"ஏங்க, ஒங்களுக்கு எந்த வேலையும் தெரியாது. வெளக்கம் சொல்லாம இருக்கவும் முடியாது. மத்த எடத்துல அதுக்கு ஒதைக்கிறாங்க. பள்ளிக்கூடத்துல அதுக்குத்தான் சம்பளம் குடுக்குறாங்க. போய் வாத்தியாருக்குப் படிங்க."

"இம்புட்டு வயசுக்கு மேலயா?"

"இம்புட்டு வயசுக்கு மேல அடி வாங்கத் தெரியுதுல்ல?"

கை வளையலைக் கழற்றிக் கொடுத்தாள். அவன் வெளியூரில் ஆசிரியர் பயிற்சிக்குப் போய்ச் சேர்ந்தான். அந்த இரண்டு வருஷமும் அவள் அத்தாவின் வீட்டில் தின்ற சோறு சோறா? நெருப்பு! "எம் மருமகன் ஆனா ஆவன்னா படிக்கப் போயிருக்காரு" என்று ராவுத்தர் வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

அறுபத்தொன்றில் ரெட்டியார்சத்திரத்துக்கு மேற்கே ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் வேலை கிடைத்தது. தக்காளி போடும் சுருளிவேல், தம் தோட்டத்து ஓட்டு வீட்டை வாடகைக்கு விட்டார். பக்கத்தில் மாட்டுக் கொட்டம், வாசலில் சாணி வாடை. கமர்ஜஹானுக்கு அது அத்தர் வாசம். ஒரே மாதத்தில் ஊர் வாத்தியாரைச் சூழ்ந்துகொண்டது. கமலைக் கிணறோ, பங்காளி பாகப்பிரிவினையோ, எதைக் கேட்டாலும் அவன் வாய் ஓயாமல் விளக்கினான். யாரும் சட்டையைப் பிடிக்கவில்லை. "ஏப்பா, சாரு சொன்னா மண்டையில ஏறுதுப்பா" என்றார்கள்.

இந்தப் பேச்சு சந்தைக்கும் போயிற்று. "ஒங்க மருமகப்புள்ளய அந்தப் பக்கம் கும்புடுறாகளாமே" என்று கருப்பணன் சொன்னதுதான் தாமதம், ராவுத்தருக்குப் பாசம் பொங்கிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஜட்கா வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். கையில் பழக்கூடை. முகத்தில் புதுச் சிரிப்பு, அளவு சரியில்லாத சட்டை மாதிரி.

"மாப்ள, டவுன்லயே ஒரு பள்ளிக்கூடத்துல சொல்லி வச்சிருக்கேன். கணக்கு வாத்தியார் எடம். மாடி ரூமுக்கு வெள்ளையடிச்சாச்சு. என்ன இது, மாட்டுக்கும் மனுசனுக்கும் நடுவுல ஒரு செவரு? கெளம்புங்க."

"மாப்ள! கெளம்புங்க!" இந்த மரியாதைக்குப் பாரூக் கரைந்து போனான். அவமானப்படுத்தினவன் ஒரு தடவை சிரித்துவிட்டால் போதும், இந்த ஆண்களுக்கு எல்லாம் மறந்துவிடும்!

"கமரு, மாமாவே வந்து கூப்புடுறாக…"

"நீங்க போறதுன்னா போங்க. நான் வரல."

"புருசன் போற எடத்துக்குப் பொண்டாட்டி வரமாட்டாளா?" என்று ராவுத்தரின் பழைய குரல் வெளியே எட்டிப் பார்த்தது.

"அத்தா, ஒங்க வீட்டுல எம் புருசன் இல்ல. பர்மாத் துரை இருந்தாரு, கஞ்சி மாப்ள இருந்தாரு. இந்த வீட்டுலதான் எம் புருசன் இருக்காரு."

ராவுத்தர் வண்டியில் ஏறினார். ஏறிய கையோடு பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். பாரூக் பின்னாலேயே போனான். வண்டிப் படியில் ஒரு கால் வைத்தான். கமர்ஜஹான் வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கூப்பிடவில்லை. யா அல்லாஹ், கூப்பிட்டு வருகிற புருஷன் எதற்கு!

வண்டிக்காரன் சாட்டையை எடுத்தான்.

பாரூக் காலைக் கீழே வைத்தான். "நாளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கு மாமா. பரீட்ச நேரம்" என்றான்.

ஜட்கா புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. கமர்ஜஹான் உள்ளே போய், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு ஆசை தீர அழுதாள்.

பேகம்பூர் போய்ச் சேர்ந்த ராவுத்தர், மருமகனும் மகளும் காலைப் பிடித்துக் கெஞ்சியும் மாட்டுக் கொட்டத்துப் பக்கம் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் தாம் திரும்பிவிட்டதாகச் சந்தையில் சொல்லிக்கொண்டிருந்தார். கூடத்து வியாபாரிகள் அதற்கும் தலையாட்டினார்கள்.