கிணற்றில் இறங்கிய மருந்து

கிணற்றுத் தண்ணீரை ஒரு சொம்பில் மொண்டு, கம்பெனிக்காரரின் முகத்துக்கு நேராக நீட்டினாளே என் நாத்தனார், அதை நான் மறக்கவில்லை. மறக்கவும் மாட்டேன்.

வாலாஜாபாத் பக்கம் எங்கள் வேர்க்கடலைக் கொல்லையில் நடந்தது அது. தண்ணீரும் பூச்சி மருந்தும் ஒரே குழாயில் போய், சுழல்கிற தெளிப்பான் வழியாகப் பயிர்மேல் மழைபோல விழும் என்று சொல்லி, அவரே வந்து மருந்து டிரம், குழாய் எல்லாவற்றையும் மாட்டினார். முதுகில் டப்பா சுமந்து மருந்தடித்தே தோள் காய்த்துப் போனவள் என் நாத்தனார். அவளைவிட அந்தச் சாமானுக்கு ஆசைப்பட்டவர் ஊரில் கிடையாது. ஆனாலும் குழாயைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒன்று கேட்டாள்.

"ஏன் சார், ஓடிக்கினு இருக்கும்போதே கரண்ட்டு பூட்டா, குழாயில இருக்கிற தண்ணி கிணத்துக்குத்தானே திரும்பும்? மருந்தும் கூடவே வராதா?"

"மொதல்ல மருந்துக் குழாயை மூடணும், அப்புறம்தான் மோட்டாரை நிறுத்தணும். புக்குல போட்டிருக்குதும்மா" என்றார்.

"கரண்ட்டு உங்க புக்கைப் படிச்சிட்டா சார் போவும்?"

எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. அரை மணி கழித்து மின்சாரம் போனது. கிணற்றுக்குள் குழாயின் அடியில் இருக்கிற எங்கள் ஃபுட்வால்வு பழசு, தண்ணீரைப் பிடித்து வைக்காது. ஊரில் பாதிப் பேர் கிணற்றில் அப்படித்தான். டிரம்மில் இருந்த மருந்து களக் களக் என்று குழாய் வழியே கிணற்றுக்கு இறங்கியது. கிணற்றுக்குள்ளிருந்து நெடி வந்தது. களை பறித்த பெண்கள் அதே கிணற்றில் குடிக்கத் தண்ணீர் சேந்த வந்தார்கள். நாத்தனார் குறுக்கே நின்றுகொண்டாள்.

"ஒண்ணும் ஆவாதும்மா, கொஞ்சூண்டுதான்" என்றார் கம்பெனிக்காரர். அப்போதுதான் சொம்பை நீட்டினாள்.

"அப்போ மொதல் வாய் நீங்க குடிங்க சார்."

குடிக்கவில்லை. வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். மறுநாள் கிணற்றில் மீன் செத்து மிதந்தது.

பிறகு அவளே ஒரு வழி செய்தாள். கொஞ்ச காலம் சின்ன காஞ்சிபுரத்துத் தறி வீட்டில் வேலை செய்து, எடைக்கல் கட்டிப் பழகிய கை அது. அடியில் பெரிய ஓட்டை போட்ட பக்கெட்டை மருந்துக் குழாயின் கைப்பிடியில் தொங்கவிட்டாள். மோட்டார் ஓடும்வரை பெரிய குழாயிலிருந்து பிரித்த சின்னக் குழாய் வழியே பக்கெட்டில் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும், அந்தக் கனத்தில் மருந்து திறந்திருக்கும். மின்சாரம் போனால் பக்கெட் சட்டென்று வடியும், மறுபக்கம் கட்டிய கல் இழுத்து மூடிவிடும். அவள் சாகிறவரை எங்கள் கிணற்றில் ஒரு சொட்டு மருந்து இறங்கவில்லை.

போன மாதம் அதே கம்பெனியிலிருந்து ஒரு பையன் வந்து பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டான்.

"படிக்காதவங்க தப்பா ஓட்டி மருந்தைக் கிணத்துல விட்டுட்டாங்க. அதனாலதான் தண்ணி திரும்பாத வால்வு வெச்சுப் புதுசா டிசைன் பண்ணியிருக்கோம்" என்றான்.

நான் எழுந்தேன்.

"தப்பா ஓட்டுனது யாருப்பா? உங்காளு மாட்டுன அன்னிக்கே, உங்காளு கண்ணு முன்னாலயே எறங்குச்சு. முன்னாடியே கேட்டா ஒருத்தி. பொம்பளை பேச்சுன்னு காதுல போட்டுக்கல."

"சரிங்க ஆயா, உக்காருங்க" என்றான்.

விளக்கம் கேட்டுப் புரிந்துகொண்டோம் என்று அச்சடித்த தாளை நீட்டி, கையெழுத்துப் போடச் சொன்னான். என் பெயரை நான் நன்றாகவே எழுதுவேன்.

"அவ கேட்டதை மொதல்ல இதுல எழுதுப்பா. அப்புறம் போடறேன்."

தாளை அடுத்த ஆளிடம் தள்ளப் பார்த்தான். என் கையை அதன்மேல் வைத்துக்கொண்டேன்.

"எழுது" என்றேன்.