அம்மாவின் கோடி

அம்மாவின் சாவுக்குப் பதினேழு புடவை வந்தது. பிணத்தின் மேல் போர்த்த எடுத்துவரும் புதுத்துணியைக் கோடி என்போம். அவள் உயிரோடு இருந்தபோது ஒரு புதுப்புடவை எடுத்துக் கொடுத்தவர்கள் அந்தக் கூட்டத்தில் இரண்டு பேர் தேற மாட்டார்கள். நானும் அந்த இரண்டில் இல்லை.

தண்டையார்பேட்டையில் ஒரு துணிக் கம்பெனியில் அவளுக்குப் பிசிறு வெட்டும் வேலை. கழித்துப் போடும் துண்டுகளை மடியில் கட்டிக்கொண்டு வந்து எங்களுக்கு உடுப்பு தைப்பாள். அளவு பார்க்க நாடா கிடையாது, கைச்சாண்தான். துணி போதாத இடத்தில் வேறு நிறத்தை வைத்து அதை ஒரு மீனாகவோ கப்பலாகவோ ஆக்கிவிடுவாள். பள்ளிக்கூடத்தில் என் பாவாடையைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள். நான் வெட்கத்தில் சுவரோடு ஒட்டிக்கொள்வேன். ஐந்தாவதோடு என்னை நிறுத்தியபோது அந்த ஒரு தொல்லை விட்டது.

தம்பி பெண்டாட்டி இறால் உரிக்கப் போனாள். அவள் மகனை வளர்த்தது அம்மாதான். அவனுக்கு அடிக்கடி மூச்சு வாங்கும். படுத்தால் இளைக்கும் என்று அவனை மார்பில் சாய்த்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பாள். கை மட்டும் தைத்துக்கொண்டிருக்கும்.

அப்படித் துண்டு துண்டாகச் சேர்த்துத் தைத்ததுதான் அந்தப் போர்வை. என் பாவாடை, தம்பியின் கால்சட்டை, பேரனைப் போட்ட தூளிப்புடவை எல்லாம் அதில் உண்டு. கடைசியில் அவளுக்குக் கண் மங்கியது. ஊசியில் நூல் கோத்துக் கொடுக்க நான் காலடிப்பேட்டையிலிருந்து வாரம் ஒரு நாள் போவேன்.

"எனுக்கு யாரு கோடியும் வோணாம்டீ. இத்தப் போத்தித் தூக்கச் சொல்லு. நீதான் சொல்லணும்."

"சொல்றேம்மா."

"கிழிச்ச. பஸ்ஸுல டிக்கெட்டு கேக்கவே தொணைக்கு ஆளு தேடுறவ நீ."

சிரித்தாள். நானும் சிரித்தேன்.

சாவன்று போர்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். மடித்ததில் உள்பக்கத்து வெள்ளைத்துணி மட்டும்தான் வெளியே தெரிந்தது. எப்போது சொல்வது, யாரிடம் சொல்வது என்று காலையிலிருந்து மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பி மகன் வந்து கையை நீட்டினான்.

"அத்தே, அந்தத் துணியக் குடு."

அம்மா அவனிடமும் சொல்லிவைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. கொடுத்துவிட்டேன்.

பெட்டியிலிருந்து தண்ணீர் ஒழுகி, உட்கார்ந்திருந்தவர்கள் பக்கம் ஓடி வந்துகொண்டிருந்தது. அவன் போர்வையை மடித்தபடியே தரையில் போட்டு, காலால் பெட்டிக்கு அடியில் தள்ளினான்.

"நைனா, அது..." என்றேன் அவனிடம்.

"இன்னாத்தே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஒண்ணுமில்ல."

பதினேழு கோடியும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. அம்மாவைத் தூக்கும்போதாவது சொல்லியிருக்கலாம். ஈரத்தை எப்படிப் போர்த்துவது என்று எனக்கு ஒரு சாக்கு கிடைத்தது. மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்கு ஆண்கள் போனார்கள். பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். போர்வையை ஒருத்தி இழுத்துக் குப்பையோடு சேர்த்தாள். எடுக்கப் போன என்னைத் தம்பி பெண்டாட்டி தடுத்தாள்.

"சாவு வூட்டுத் துணி அண்ணி, எடுத்துக்கினு போவாத. கலீஜு."

கையை எடுத்துக்கொண்டேன்.

போன வாரம் தம்பி மகனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பார்க்கப் போயிருந்தேன். குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தான்.

"அத்தே, ஆயா ஒரு போர்வ தச்சினு இருந்துச்சே, கலர் கலரா. வூடெல்லாம் தேடிட்டேன். இதுக்குப் போத்தலாம்னு பாத்தேன். அது உன் கைல கீதா?"

அவன் கண் கலங்கியிருந்தது. மெய்யாகவேதான் கேட்டான்.

"தெரியாதுப்பா" என்றேன். இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சமும் தயக்கம் வரவில்லை.