கடைசியாகச் சாப்பிடுகிறவளின் தட்டு

அருளம்மா போய்விட்டாள் என்று எனக்குச் சொன்னது மீன் லோரி காசிம் பாய். வெள்ளிக்கிழமை காலை, லயத்து வீடுகளின் முனையில் லோரியை நிறுத்தியிருந்தார். நான் நெத்திலியைக் கிளறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, நீங்க ரவாங்குக்குப் போவலியா?" என்று கேட்டார்.

"ரவாங்குல எனக்கு யாரு இருக்கா?"

"ஆயாம்மா மவுத்தாயிட்டாங்கள்ல. செவ்வாக்கெழமையே அடக்கம் பண்ணிட்டாங்களே."

நெத்திலியைப் போட்டுவிட்டு நின்றேன். அந்த வாரம் மகன், மருமகள், பேரப்பிள்ளை எல்லாருமாகச் சுங்கை புரோங்கில் என் மகள் வீட்டில் இருந்தோம். வியாழன் மாலைதான் திரும்பினோம். அதற்குள் இங்கிருந்து ஒரு வேன் நிறையப் பேர் போய், அழுது, மண் அள்ளிப் போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். நான் திரும்பி வந்த பிறகாவது ஒருத்தர் என் கதவைத் தட்டியிருக்கலாம். பக்கத்து வீட்டு ராக்காயியிடம் போய்க் கேட்டேன். "நீங்கதான் அதுகூடப் பேச மாட்டீங்களே அக்கா. அதான் சொல்லல" என்றாள். பேசாதவளுக்குச் சாவுச் செய்திகூடக் கிடையாது என்று எந்த ஊரில் சட்டம் இருக்கிறது?

இப்போது அவளுடைய முப்பதாம் நாள் நினைவு மலருக்கு எல்லாரும் எழுதுகிறீர்கள். நானும் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனால் எனக்கு மறதி கிடையாது. இறந்தவரை 'அவர்' என்று எழுத வேண்டும் என்று மலர் போடுகிறவர்கள் சொன்னார்கள். அவள் எனக்கு நாலு வயது இளையவள். 'அவர்' என்று எழுதினால் யாரோ ஆபீஸ் கிராணியைப் பற்றிச் சொல்வது போல இருக்கிறது. எனக்கு அவள் அவள்தான்.

அருளம்மா இந்த ரப்பர் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை செய்தாள். நாங்கள் விடியுமுன் பால் மரம் வெட்டப் போகும்போது பிள்ளைகளை அவளிடம்தான் விட்டுவிட்டுப் போவோம். இதை வாசிக்கிற உங்களில் பாதிப் பேர் அவள் தொட்டிலில் தூங்கியவர்கள். சாமி கும்பிட மாதா கோயிலுக்குப் போவாள். மாரியம்மன் திருவிழாவில் கூழ் ஊற்றவும் முதல் ஆளாக வந்து நிற்பாள். நல்ல வேலைக்காரி. ஆனால் வாய்க்காரி. அதையும் எழுதத்தான் வேண்டும்.

எண்பத்திரண்டாம் வருஷம் அக்டோபரில், உலக உணவு நாள் வருகிறது என்று வானொலியில் சொன்னார்கள். அருளம்மா அதைக் கேட்டுவிட்டு லயம் லயமாக வந்தாள். "ஞாயித்துக்கெழமை எல்லாரும் கொட்டகைக்கு வாங்க. ஒவ்வொரு வீட்டுலயும் சமைச்சு எடுத்துட்டு வரணும்" என்றாள். என்ன சமைப்பது என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதிலில்தான் எல்லா வினையும் தொடங்கியது.

"அதுக்கு மொத நாளு உங்க வீட்டுல கடைசியாச் சாப்பிட்ட ஆளுக்கு என்னா மிஞ்சுச்சோ, அதயே மறுபடி சமைச்சு எடுத்துட்டு வாங்க. ஆம்பளைங்க முன்னாடி அதத்தான் வைக்கப் போறேன்."

எல்லாரும் சிரித்தோம். வானொலியில் சொல்லும் நாளுக்கு எவளாவது அடிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு போவாளா? எனக்கு மானம் பெரிது. சனிக்கிழமை கம்பத்து நாட்டுக் கோழி ஒன்று வாங்கி வைத்து, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அறுத்து, தேங்காய் அரைத்து, தீபாவளிக்கு வைப்பது போலக் குழம்பு வைத்தேன். சட்டியைத் துணியில் கட்டி மருமகள் சரசுவின் தலையில் ஏற்றினேன். அப்போது அவளுக்கு ஐந்து மாதம்.

கொட்டகையில் பாயை விரித்து எல்லாச் சட்டியையும் வரிசையாக வைத்திருந்தார்கள். நீராகாரமும் வெங்காயமும். கங்குங் கீரைத் தண்டு. நெத்திலித் தலையைப் போட்டுக் கொதிக்கவைத்த புளித்தண்ணீர். அருளம்மா என் சட்டி மூடியைத் திறந்தாள். பார்த்தாள். உடனே மூடினாள்.

"அக்கா, இது உங்க வீட்டுல கடைசி ஆளுக்கு மிஞ்சினதா?"

"ஆமா. ஏன், எங்க வீட்டுல மிஞ்சக் கூடாதா?"

அவள் என்னை விட்டுவிட்டுச் சரசுவைப் பார்த்தாள். "நீ சொல்லு தாயி. நேத்து என்னா சாப்பிட்ட?"

சரசு என் முகத்தைப் பார்த்தாள். "கோழிக் கறி" என்றாள்.

அந்தப் பக்கத்திலிருந்து ராக்காயி, "நேத்து உங்க வீட்டுப் பக்கம் கருவாட்டு வாடைகூட வரலியே அக்கா!" என்றாள். லயத்து வீட்டில் பலகைச் சுவர். நாலாவது வீட்டில் கடுகு வெடித்தால் முதல் வீட்டில் இருமல் வரும். அங்கே என்ன பொய்யைச் சொல்லி மறைக்க முடியும்? எல்லாரும் சிரித்தார்கள். சரசு குனிந்து நின்றாள். நான் சட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்றைக்கு நிறுத்திய பேச்சுதான். அருளம்மா பைப்படிக்கு வரும் நேரத்தில் நான் தண்ணீர் பிடிக்கப் போக மாட்டேன்.

மூன்று வாரம் கழித்து நர்ஸ் மிஸ்ஸி வந்து பார்த்தபோது, சரசுவுக்கு ரத்தம் பத்தவில்லை, உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்று சொன்னார். தோட்டத்து லோரியில் ஏற்றினார்கள். அருளம்மா ஏறிச் சரசுவின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அவள் ஏறினாள் என்பதற்காக நான் ஏறவில்லை. இதை எழுதும்போது என் கையை நானே கிள்ளிக்கொள்ளலாம் போல இருக்கிறது. என் மகன் மணியத்தின் பிள்ளையைச் சுமந்தவள். நான் வாசலில் நின்றேன். பிள்ளை எட்டாம் மாதமே பிறந்தது. ஒரு கைப்பிடி இருந்தது. பிழைத்துக்கொண்டது. இப்போது ஆறு வயது. ராக்காயியையே எதிர்த்துப் பேசுகிறது.

அருளம்மாவுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது. சரசு கொட்டகைப் பக்கம் இரண்டு முறை தலைசுற்றி உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறாள். அப்படியானால் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம் அல்லவா, நாலு பேர் நடுவில் கேட்டால் அது நியாயமா என்று பல வருஷம் ஊரெல்லாம் கேட்டிருக்கிறேன். நீங்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினீர்கள்.

உங்களுக்குச் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். நான் சொல்லாவிட்டால் சரசு சொல்வாள். அருளம்மா தனியாக வந்தாள். இரண்டு முறை வந்தாள். முதல் முறை, "அக்கா, மருமவள உங்ககூட ஒக்கார வச்சுச் சாப்பிடச் சொல்லுங்க" என்றாள். நானும் என் மாமியார் வீட்டில் கடைசியாகத்தான் சாப்பிட்டேன், செத்தா போனேன் என்றேன். இரண்டாம் முறை வாயைத் திறக்கும் முன்பே, "என் வீட்டு அடுப்ப எட்டிப் பாக்காதே" என்று கதவைச் சாத்தினேன். அதற்குப் பிறகுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை.

ஆறு வருஷம் அவள் அந்த நாளை விடாமல் நடத்தினாள். நான் போனதில்லை. சரசு போவாள், வந்து சொல்வாள். முதலில் யாரும் பேசக் கூடாதாம். சாப்பிட்டு முடித்துச் சற்று நேரம் சும்மா உட்கார வேண்டுமாம். "தின்னுட்டு ஒக்காந்தா பொய் சொல்ல வாய் வராது" என்பாளாம் அருளம்மா. பிறகு ஒவ்வொருவரும், வீட்டில் யாருக்குச் சோறு எட்டவில்லை என்று சொல்ல வேண்டும். ஒரு வருஷம் எங்களை வேலை வாங்குகிற மண்டோர் தன் மனைவி கொண்டுவந்த தீய்ந்த சோற்றைத் தின்றுவிட்டு, "இதயா தெனமும் திங்கிற?" என்று கேட்டிருக்கிறார். "தெனமும் இல்ல லா. கறி எடுக்கிற அன்னைக்கு மட்டும்" என்றாளாம் அவள். மறு வாரமே மண்டோர் பெரிய சட்டி வாங்கி வந்ததை நானே பார்த்தேன்.

"பண்டிகைச் சோறு ஊருக்குத் தெரியும். அடிச்சட்டிச் சோறு அடுப்புக்குத்தான் தெரியும்." இதுவும் அவள் சொன்னதுதான். சரசு சொல்லிக் கேட்டேன். கேட்காத மாதிரி இருந்தேன்.

அவள் மகனுக்கு ரவாங் பக்கம் ஃபேக்டரியில் வேலை கிடைத்தது. சுங்கை சோவில் வீடு எடுத்தான். புறப்படுவதற்கு முதல் நாள் அருளம்மா என் வாசலுக்கு வந்தாள். கையில் கொட்டகையின் மங்குத் தட்டு. ஓரத்தில் நீலக் கோடு போட்டது, ஒரு பக்கம் பூச்சு பெயர்ந்தது.

"அக்கா, வர்ற அக்டோபருக்கு நான் இங்க இருக்க மாட்டேன். நீங்க எடுத்து நடத்துங்க. நீங்க சொன்னா பயந்துக்கிட்டாவது கேப்பாங்க."

நான் முறத்தில் அரிசியை வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை. அவள் தட்டைப் படியில் வைத்துவிட்டுப் போனாள். அன்றைக்கு அந்த அரிசியில் ஒரு கல்கூட இல்லை.

போன அக்டோபரில் ஆபீசில் சமையல் போட்டி வைத்தார்கள். கேரட்டைப் பூவாக வெட்டி, தட்டைச் சுற்றிக் காகிதம் ஒட்டி, துரை வீட்டு அம்மா ஆளுக்கொரு கரண்டி ருசி பார்த்தார். படம் பிடித்தார்கள். மிச்சத்தை அவரவர் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். சும்மா உட்கார்ந்து யோசிக்க யாருக்கும் நேரமில்லை. என் கோழிக் குழம்புக்கு இரண்டாம் பரிசு, ஒரு பிளாஸ்க். அதே குழம்பு! ஒருத்தியாவது, ஒரே ஒருத்தியாவது, சரசுவைப் பார்த்து "நேத்து என்னா சாப்பிட்ட?" என்று கேட்கவில்லை. கேட்பதற்கு ஆளில்லாத இடத்தில் பரிசு வாங்கி நின்ற எரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்த பிளாஸ்க்கில் ஒரு நாளும் தண்ணீர் ஊற்றவில்லை.

அன்றைக்கே முடிவு செய்தேன், ரவாங்குக்கு பஸ் ஏறிப் போய் அவளிடம் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும் என்று. நீ கேட்டது சரி என்பது ஒன்று. நாலு பேர் முன்னால் கேட்டது தப்பு என்பது இன்னொன்று. தீபாவளி போகட்டும் என்றேன். பொங்கல் போகட்டும் என்றேன். அவள் போய்விட்டாள். இனி இந்த இரண்டையும் நான் யாரிடம் கொண்டுபோய்ச் சொல்வது? சண்டையைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிறவளை என்னவென்று சொல்வது?

அவள் புகழை நீங்கள் எழுதுங்கள். என்னிடம் இருப்பது அந்த மங்குத் தட்டு. அவள் வைத்துவிட்டுப் போன அன்று மாலையே படியிலிருந்து எடுத்துக் கழுவினேன். எங்கள் வீட்டில் இப்போது முதல் சோறு அந்தத் தட்டில்தான் விழுகிறது. அது சரசுவின் தட்டு. கடைசியில் உட்காருகிறவள் நான். என் வார்த்தையை நம்ப வேண்டாம், அவளிடமே கேளுங்கள்.

வருகிற அக்டோபரில் எல்லாரும் கொட்டகைக்கு வாருங்கள். போட்டி கிடையாது, பரிசு கிடையாது. சட்டியோடு வாருங்கள், மூடியை நான்தான் திறப்பேன். ஆனால் முதலில் என் சட்டி. அருளம்மா, நாலு பேர் முன்னால் என்னைக் கேட்டதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அதற்காக வராமல் இருந்துவிடாதே. இந்த முறை கோழி இல்லை. திறந்து பார்.